20 நிமிடம் ஓடியதும் ஒரு சிலிண்டர் விட்டுப்போகும் பழைய போட் மோட்டார்: காயிலா, கண்டென்சரா, கார்புரேட்டரா?

கோத்தகிரி_பட்டறை:

எல்லோருக்கும் வணக்கம். கோத்தகிரியில் சின்னப் பட்டறை வைத்திருக்கிறேன். மருந்தடிக்கும் ஸ்பிரேயர், செயின் சா, கேரட் தோட்டத்து பம்ப்செட், தேயிலை வெட்டும் மிஷின், இவைதான் தினமும் கைக்கு வருபவை. போன மாதம் பக்கத்து எஸ்டேட்டிலிருந்து ஒரு போட் மோட்டார் கொண்டுவந்து வைத்தார்கள். படகின் பின்பலகையில் மாட்டுகிற அவுட்போர்டு, 1970களில் செய்தது, டூ ஸ்ட்ரோக், இரண்டு சிலிண்டர், 10 குதிரைசக்தி பக்கம் இருக்கும், கயிறு இழுத்து ஸ்டார்ட் செய்வது. மேலே சுற்றுகிற காந்தச் சக்கரமான ஃப்ளைவீலுக்குக் கீழே, கரண்டை விட்டுவிட்டு அறுக்கும் பாயிண்ட், பாயிண்ட்டில் பொறி பறக்காமல் காக்கும் கண்டென்சர், பிளக்குக்கு உயர் வோல்ட் எழுப்பும் காயில் எல்லாமே இரண்டு இரண்டு இருக்கின்றன. பேட்டரி கிடையாது.

எஸ்டேட்டுக்குள் ஓடையை மறித்துக் கட்டிய பெரிய குளம் இருக்கிறது. வருடாவருடம் ஆகாயத்தாமரை மண்டி மதகை அடைத்துவிடும், படகில் போய்த்தான் இழுத்து அள்ளவேண்டும். எங்கள் பக்கம் தென்மேற்கை விட ஐப்பசி கார்த்திகை மழைதான் பெரியது, அதற்குள் மதகு சுத்தமாக இருந்தாக வேண்டும். குளத்துக்குக் கீழே தொழிலாளர்கள் குடியிருக்கும் லைன் வீடுகள் இருக்கின்றன. அதனால்தான் இந்த வேலையை எப்படியாவது முடித்துக் கொடுக்கவேண்டும் என்று இருக்கிறேன்.

கோளாறு இதுதான். காலையில் இரண்டு இழுப்பில் பிடித்துக்கொள்கிறது. படகில் மாட்டி ஆகாயத்தாமரையை இழுக்க ஆரம்பித்து 15, 20 நிமிடம் ஆனதும் மிஸ்ஸிங் அடிக்கிறது, அப்புறம் பாதி சக்தியில் இருமிக்கொண்டே ஓடுகிறது, கொஞ்ச நேரத்தில் நின்றுவிடுகிறது. அரை மணி நேரம் சும்மா விட்டால் மறுபடி ஒன்றுமே நடக்காதது போல ஓடும். பனிமூட்டம் இறங்கிய நாளில் இன்னும் சீக்கிரம் விட்டுப்போகிறது.

இதுவரை செய்தவை: பிளக் இரண்டும் புதுசு. கார்புரேட்டர் கழற்றிக் கழுவியாயிற்று. பாயிண்ட் கருத்திருந்ததால் எமரி பேப்பர் போட்டுத் தேய்த்து, அது திறக்கும் இடைவெளியை 0.5 மில்லிமீட்டர் வைத்தேன். காயில் இரண்டையும் மல்டிமீட்டரில் பார்த்தேன், இரண்டும் ஏறக்குறைய ஒரே ஓம்ஸ் காட்டுகின்றன. பிளக்கைக் கழற்றி பாடியில் வைத்து கயிறு இழுத்தால் இரண்டிலும் பொறி வருகிறது. மேட்டுப்பாளையத்தில் ஒருவரிடம் இறக்கிக் காட்டினேன், அங்கே தண்ணீர் டிரம்மில் வைத்து 10 நிமிடம் அருமையாக ஓடியது, மலைக் காற்றுக்கு, பெட்ரோலை அளந்து விடும் ஜெட் துளை பெரியதாக இருக்கிறது, கார்புரேட்டர்தான் கோளாறு என்று சொல்லி அனுப்பிவிட்டார். காயில் மாற்று என்று ஒருவர், கண்டென்சர் என்று ஒருவர். இந்த மோட்டாருக்குக் காயில் உள்ளூரில் கிடைக்காது, அதனால் எதுவென்று உறுதியாகத் தெரியாமல் காசு செலவழிக்க எஸ்டேட்டில் சொல்ல எனக்கு மனமில்லை. எப்படிக் கண்டுபிடிப்பது?


தூத்துக்குடி_வள்ளம்:

தம்பி, 30 வருசமாக வள்ளத்து மோட்டார்தான் பார்க்கிறேன், பெட்ரோலில் ஸ்டார்ட் செய்து மண்ணெண்ணெயில் ஓடுகிற மோட்டார்களில் பிளக் படும் பாட்டைப் பார்த்தவன். நீங்கள் நல்லபடியாக விவரம் கொடுத்திருக்கிறீர்கள், ஆனால் முக்கியமான ஒன்று விட்டுப்போயிற்று. பாதி சக்தியில் ஓடும்போது எந்தச் சிலிண்டர் விட்டுப்போகிறது, மேலதா கீழதா? ஒவ்வொரு தடவையும் அதேதானா? இது தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

ஏன் கேட்கிறேன் என்றால், உங்கள் மோட்டாரில் கார்புரேட்டர் ஒன்றுதான் இருக்கும், அது இரண்டு சிலிண்டருக்கும் சேர்த்து ஊட்டுகிறது. பெட்ரோல் பிரச்சினை என்றால் இரண்டும் சேர்ந்து தள்ளாடவேண்டும். ஸ்டாப் பட்டன் அழுந்தியபடி ஒட்டிக்கொண்டாலும் இரண்டும் சேர்ந்தே போகும். ஃப்ளைவீலைத் தண்டோடு பூட்டும் கீ வெட்டுப்பட்டு, பொறி விழும் நேரமான டைமிங் நகர்ந்திருந்தாலும் இரண்டுக்கும்தான் அடி. குறிப்பிட்ட ஒரே சிலிண்டர் தினமும் போகிறது என்றால் அந்தச் சிலிண்டருக்கு மட்டும் சொந்தமான சாமான் எதுவோ அதில்தான் கோளாறு இருக்கும்: அதன் பாயிண்ட், கண்டென்சர், காயில், பிளக் ஒயர், பிளக். இல்லையென்றால் அந்தப் பக்கத்து ஆயில் சீல், ஹெட் கேஸ்கெட்.

கேஸ்கெட் போனால் குளிர்விக்கும் தண்ணீர் சிலிண்டருக்குள் கசியும், அதைப் பிளக்கே காட்டிக்கொடுத்துவிடும். விட்டுப்போன பிளக்கைக் கழற்றிப் பாருங்கள், பெட்ரோலில் நனைந்திருக்கிறதா, தண்ணீர்த் துளி நிற்கிறதா? தண்ணீர் என்றால் இந்த இக்னிஷன் பேச்சையே விட்டுவிட்டு ஹெட்டைத் திறங்கள்.

அடுத்தது, வெயிலில் காய்ந்த மோட்டாரையும் பட்டறையில் ஆறிக்கிடக்கிற மோட்டாரையும் ஒன்றாக நினைக்காதீர்கள். உங்கள் கோளாறு சூட்டில் வருகிறது, நீங்கள் சோதித்தது எல்லாம் குளிரில். மேட்டுப்பாளையத்தில் 10 நிமிடம், அதுவும் டிரம்மில், லோடே இல்லாமல். அது எப்படி விட்டுப்போகும்? மல்டிமீட்டர் காயிலுக்குள் அனுப்புவது ஒரு சின்ன பேட்டரியின் கரண்ட். ஓடும்போது அதே காயிலில் ஆயிரக்கணக்கான வோல்ட் எழும்புகிறது. கம்பி அறுந்திருந்தால் மீட்டர் சொல்லும், இன்சுலேசன் விரிசல் விட்டிருந்தால் சொல்லாது. ஓம்ஸ் சரியாக இருக்கிறது என்பதை வைத்துக் காயில் நல்லது என்று முடிவு கட்டவேண்டாம்.

ஒரு ஸ்பார்க் டெஸ்டர் செய்துகொள்ளுங்கள், பலகையில் இரண்டு ஆணி அடித்தால் போதும், ஒன்றில் பிளக் ஒயர், இன்னொன்றிலிருந்து எஞ்சின் பாடிக்கு நல்ல எர்த். இடைவெளி 6 மில்லி. பேட்டரி இல்லாமல் காந்தத்தால் பொறி தரும் இந்தப் பாயிண்ட் வைத்த மேக்னெட்டோ அந்த இடைவெளியை நீலப் பொறியாகத் தாண்டவேண்டும். இரண்டு பிளக்கையும் கழற்றிவிட்டு இழுத்துப் பாருங்கள், எஞ்சின் லேசாகச் சுற்றும். ஆனால் பிளக் ஓட்டையிலிருந்து பெட்ரோல் ஆவி வரும், டெஸ்டரை அதற்குப் பக்கத்தில் வைத்துவிடாதீர்கள், என் கண் முன்னால் ஒருவருக்குக் கை வெந்திருக்கிறது. சோதனையைப் பட்டறையில் செய்யாமல் குளத்தில், மோட்டார் நின்ற அந்த நிமிடத்தில் செய்யுங்கள்.

எமரி பேப்பர் பற்றி: இனிமேல் பாயிண்ட்டில் போடாதீர்கள். அதன் மணல் பாயிண்ட் முகத்தில் குத்திக்கொண்டு நின்றுவிடும், அது கரண்டைத் தடுக்கும், சீக்கிரம் கருகும். ஸ்பிரிட்டில் நனைத்த கெட்டிக் காகிதத்தைப் பாயிண்ட்டுக்கு நடுவில் விட்டு இழுங்கள், கறை வராதவரை. மேல் ஆயில் சீல் கசிந்து பாயிண்ட்டில் எண்ணெய் படிகிறதா என்றும் அப்போதே பார்த்துவிடுங்கள்.


கொடைக்கானல்_ஏரிக்கரை:

நான் கொடைக்கானலில் இருக்கிறேன். உங்கள் ஊரை விட இங்கே இன்னும் உயரம், 2100 மீட்டருக்கு மேல். கார்புரேட்டர்காரர் சொன்னதை முழுதாகத் தள்ளிவிடாதீர்கள். கடற்கரைக்கு என்று ஜெட் போட்ட மோட்டார் மலையில் பெட்ரோல் அதிகமாகத்தான் குடிக்கும், காற்று மெலிந்திருக்கிறது அல்லவா. பிளக் கரிபிடிக்கும், அந்தக் கரி வழியாகக் கரண்ட் ஒழுகி எர்த்துக்குப் போய்விடும், பொறி வராது. புதுப் பிளக் போட்ட இரண்டு நாள் நன்றாக ஓடுவது இதனால்தான்.

என்ன ஆயில் கலக்கிறீர்கள்? பைக்குக்கு விற்கிற டூ ஸ்ட்ரோக் ஆயில் என்றால் நிறுத்துங்கள். போட் மோட்டாருக்கு டிசி-டபிள்யூ3 என்று போட்ட ஆயில்தான் வேண்டும். தண்ணீரால் குளிர்கிற எஞ்சின் சூடு குறைவாக ஓடும், பைக் ஆயிலில் உள்ள சாம்பல் சத்து அதில் எரியாமல் பிளக்கிலும் பிஸ்டனிலும் படியும். எனக்கு ஒரு பழைய மோட்டாரில் இதே தொல்லை இருந்தது, கூடவே எஞ்சின் சூடாகும்வரை தண்ணீரைத் தடுக்கும் தெர்மோஸ்டாட் திறந்தபடி மாட்டிக்கொண்டிருந்தது. நம் குளத்துத் தண்ணீர் ஏற்கெனவே சில்லென்று இருக்கும், எஞ்சின் சூடே ஆகவில்லை, பிளக் கரியாகவே வந்தது. தெர்மோஸ்டாட் மாற்றி, பிளக்கை ஒரு நம்பர் சூடானதாகப் போட்டேன், என்ஜிகே கம்பெனி பிளக்கில் 7 இருந்த இடத்தில் 6, நம்பர் குறைந்தால் பிளக் சூடு அதிகம். அப்புறம் பிரச்சினை இல்லை.

பெட்ரோலையும் பாருங்கள். இப்போது பம்பில் கிடைப்பதில் 20 சதவீதம் எத்தனால் இருக்கிறது, அது ஈரத்தை உறிஞ்சும். நம் மூட்டத்தில் டாங்கில் ஒரு மாதம் கிடந்த பெட்ரோலை நம்பி எந்த எஞ்சினையும் குறை சொல்லக்கூடாது. பழைய ரப்பர் ஹோஸும் அதில் இளகிவிடும்.


ஸ்கூட்டர்_பிரியன்:

இவ்வளவு எதற்கு? பாயிண்ட், கண்டென்சர் இரண்டையும் தூக்கிப் போட்டுவிட்டு எலக்ட்ரானிக் மாட்யூல் மாட்டிவிடுங்கள். பழைய ஸ்கூட்டர்களில் செய்திருக்கிறேன், தேய்மானமே இல்லை.


தூத்துக்குடி_வள்ளம்:

ஸ்கூட்டர் தம்பி, மாட்யூல் நல்ல சாமான்தான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் அது பாயிண்ட்டுக்கும் கண்டென்சருக்கும் மட்டும்தான் பதில், காயில் பழையதே இருக்கும். கோளாறு காயிலில் இருந்தால் மாட்யூல் போட்டபிறகும் 20 நிமிடத்தில் நிற்கும், அப்போது புதுசு பழையது கலந்து கிடக்க, எதைச் சந்தேகப்படுவது? முதலில் நோயைக் கண்டுபிடிக்கட்டும்.

கொடைக்கானல் அண்ணன் சொன்ன ஆயில், பெட்ரோல் இரண்டும் நூற்றுக்கு நூறு சரி. பிளக் நம்பரை மாற்றுவது மட்டும் எனக்குச் சம்மதமில்லை. இவர் மோட்டார் ஆகாயத்தாமரையை இழுக்கிறது, லோடு அதிகம். சூடான பிளக் லோடில் தானாகவே தணலாகி முன்கூட்டியே கொளுத்தினால் பிஸ்டன் ஓட்டையாகும். கலவையைச் சரிசெய்து பார்த்துவிட்டு, முழு லோடில் ஓட்டி நிறுத்தி, பிளக் நிறத்தைப் பார்த்தபிறகு அதை யோசிக்கலாம்.

பட்டறைத் தம்பிக்கு இன்னொன்று. இந்த மாதிரிப் பழைய மோட்டாரில் ஆக்சிலரேட்டரைத் திருகும்போது, பாயிண்ட்டும் காயிலும் உட்கார்ந்திருக்கிற அந்த வட்டத் தட்டு முழுதுமே திரும்பும், டைமிங் முன்னே போவதற்காக. அதனால் தட்டிலிருந்து வெளியே வருகிற ஒயர்கள் 50 வருசமாக மடங்கி மடங்கி நிமிர்ந்திருக்கின்றன. உள்ளே செம்பு அறுந்து மேலே ரப்பர் மட்டும் முழுசாக இருக்கும், அல்லது பிளக் ஒயர் உரசி இன்சுலேசன் போயிருக்கும். கோளாறு சூட்டினாலா, ஆக்சிலரேட்டர் நிலையினாலா என்று பிரித்துப் பார்க்கவேண்டும். ஆறிய எஞ்சினில் டெஸ்டரை மாட்டி, தட்டை அந்தக் கோடியிலும் இந்தக் கோடியிலும் வைத்து இழுத்துப் பாருங்கள். ஒரு கோடியில் மட்டும் பொறி போனால் ஒயர்தான்.


குன்னூர்_இயற்பியல்:

நான் குன்னூரில் இயற்பியல் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன், மெக்கானிக் இல்லை. ஆனால் இந்தக் கேள்வியில் மலையின் பங்கு ஒன்று இருக்கிறது, யாரும் சொல்லாததால் எழுதுகிறேன்.

மின்பொறி தாண்டத் தேவையான மின்னழுத்தம், காற்றின் அழுத்தத்தையும் இடைவெளியையும் பெருக்கி வருவதைப் பொறுத்தது. 1889இல் பாஷென் என்ற ஜெர்மானியர் இதைக் கண்டார். கோத்தகிரியின் மேட்டுப் பகுதியில், 1900 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய 80 சதவீதம்தான். ஆகவே தூத்துக்குடியில் 6 மில்லி தாண்டும் காயிலும், அதைவிடப் பலவீனமாகி அங்கே 5 மில்லிகூடத் தாண்டாத காயிலும், உங்கள் பட்டறையில் வித்தியாசம் தெரியாமல் தேறிவிட வாய்ப்புண்டு. அவர் சொல்லும் அதே கடுமையில் சோதிக்க உங்கள் டெஸ்டரில் ஏழரை மில்லி வைக்கவேண்டும்.

பிளக்கைப் பாடியில் வைத்துப் பார்க்கும் பொறியை ஏன் நம்பக்கூடாது என்பதற்கும் இதே விதிதான் காரணம். திறந்தவெளியில் பிளக்கின் அந்த 0.7 மில்லி இடைவெளியைத் தாண்ட மிகக் குறைந்த மின்னழுத்தம் போதும். சிலிண்டருக்குள் அழுத்தம் பல மடங்காகிறது, தேவையும் கூடவே ஏறுகிறது. லோடு ஏற ஏற உள்ளே வரும் கலவையும் கூடுவதால் இன்னும் ஏறும். காயிலின் இன்சுலேசனில் விரிசல் இருந்தால் அந்த நேரத்தில் பொறி பிளக் பக்கம் போகாமல் அந்த விரிசல் வழியாக, காயில் மாட்டியிருக்கும் இரும்புத் தகடுகளுக்குப் பாயும். சூட்டில் பொருட்கள் விரிவதால் விரிசல் வாய் திறக்கிறது, மூட்டத்தின் ஈரம் அதற்கு வழி அமைத்துக் கொடுக்கிறது. நீங்கள் சொல்லும் மூன்று அடையாளங்களுக்கும், சூடு, லோடு, மூட்டம், இது பொருந்துகிறது. நிரூபணம் சோதனையில்தான் இருக்கிறது.

இன்னொரு எச்சரிக்கை. கம்ப்ரஷன் மீட்டர் வைத்துப் பார்த்தால் எண் குறைவாக வரும், பயந்து எஞ்சினைப் பிரித்துவிடாதீர்கள். கடற்கரையில் 120 பிஎஸ்ஐ காட்டும் நல்ல எஞ்சின் உங்கள் உயரத்தில் 95 பக்கம்தான் காட்டும். இரண்டு சிலிண்டருக்கும் உள்ள வித்தியாசத்தைப் பாருங்கள், மொத்த எண்ணைப் பார்க்கவேண்டாம்.


கோத்தகிரி_பட்டறை:

அண்ணாச்சி, சார், அண்ணா, எல்லோருக்கும் நன்றி. நேற்று முழு நாளும் குளத்தில்தான் இருந்தேன். எஸ்டேட் பையன் ஒருவனைத் துணைக்கு வைத்துக்கொண்டு, இரண்டு பேரும் லைஃப் ஜாக்கெட் போட்டுக்கொண்டு, கரையை விட்டுத் தூரம் போகாமல் ஓட்டினோம்.

முதலில் பட்டறையில் பார்த்தவை. கம்ப்ரஷன் மேலே 96, கீழே 94. சார் சொல்லாமல் இருந்தால் ரிங் போய்விட்டது என்று எஞ்சினைப் பிரித்திருப்பேன். பழைய பெட்ரோலைக் கொட்டிவிட்டுப் புதுசு ஊற்றினேன். ஆயில் இதுவரை பைக் ஆயில்தான் கலந்திருக்கிறேன், கோயம்புத்தூரிலிருந்து சரியான ஆயில் வரவழைத்தேன். பாயிண்ட்டை ஸ்பிரிட் காகிதம் போட்டு இழுத்தபோது காகிதம் கருப்பாக வந்தது, ஆறு ஏழு தடவை இழுத்தபிறகுதான் வெள்ளையாக வந்தது. ஆயில் சீல் காய்ந்துதான் இருக்கிறது, கசிவு இல்லை. டெஸ்டரில் ஏழரை மில்லி வைத்து ஆறிய எஞ்சினில் இழுத்தேன், மேலே நல்ல நீலம், கீழேயும் தாண்டியது, ஆனால் நாலு தடவைக்கு ஒரு தடவை விட்டது. 6 மில்லியில் வைத்தால் கீழே ஒரு தடவைகூட விடவில்லை. சார் சொன்ன அந்த ஒன்றரை மில்லியில்தான் வித்தியாசம் வெளியே வந்தது. தட்டைத் திருப்பி இரண்டு கோடியிலும் பார்த்தேன், மாற்றம் இல்லை, ஆகவே ஒயர் இல்லை என்று எடுத்துக்கொண்டேன்.

அப்புறம் குளம். முன்னைவிடக் கொஞ்சம் நன்றாக ஓடியது, 25 நிமிடம் தாங்கியது. மிஸ்ஸிங் ஆரம்பித்ததும் மேல் பிளக் கேப்பைக் கழற்றிப் பார்க்கலாமா என்று நினைத்தேன், ஓடும்போது வேண்டாம் என்று நிறுத்திவிட்டேன். மோட்டாரின் மேல்மூடியான கௌலிங்கைத் திறந்து உடனே டெஸ்டரை மாட்டி இழுத்தோம். மேலே அதே நீலம். கீழே ஏழரையும் இல்லை, ஆறும் இல்லை, இடைவெளியைக் குறைத்துக்கொண்டே வந்து 3 மில்லியில்தான் மஞ்சளாக ஒரு பொறி வந்தது. கீழ் பிளக் பெட்ரோலில் நனைந்திருந்தது, தண்ணீர் இல்லை. பிளக் இரண்டையும் இடம் மாற்றிப் போட்டு மறுபடி ஓட்டினோம், அப்போதும் கீழ்ச் சிலிண்டர்தான். அரை மணி நேரம் ஆறியபிறகு அதே டெஸ்டரில் கீழே மறுபடி ஏழரை தாண்டியது.

இனி கண்டென்சரா காயிலா?


தூத்துக்குடி_வள்ளம்:

அருமை தம்பி. இப்போதுதான் மோட்டார் வாய் திறந்து பேசியிருக்கிறது.

ஃப்ளைவீலைக் கழற்றி இரண்டு கண்டென்சரையும் இடம் மாற்றுங்கள், ஒரு ஸ்குரூதான். கோளாறு மேல் சிலிண்டருக்குப் போனால் கண்டென்சர், பழைய ஸ்கூட்டர் கண்டென்சரில் மைக்ரோஃபாரட் மதிப்பு கிட்டத்தட்ட ஒத்துவருவது கிடைத்தால் அதையே போட்டுச் சமாளிக்கலாம். கீழேயே நின்றால் காயில். கண்டென்சர் போயிருந்தால் பாயிண்ட் முகத்தில் பொறி பறந்து குழி விழுந்திருக்கும், அதையும் பாருங்கள்.

ஃப்ளைவீலைக் கழற்றும்போது நடுவில் உள்ள மூன்று போல்ட் ஓட்டையில் புல்லர் மாட்டித்தான் இழுக்கவேண்டும். விளிம்பில் கொக்கி போட்டு இழுத்தால் வளையும், சுத்தியலால் அடித்தால் உள்ளே காந்தம் உடையும். காந்தம் இனி எங்கே கிடைக்கப்போகிறது? திரும்ப மாட்டும்போது கிராங்க் தண்டின் கூம்பையும் ஃப்ளைவீல் துளையையும் எண்ணெய்ப் பசை இல்லாமல் துடைத்து, கீ ஒழுங்காக உட்கார்ந்திருக்கிறதா பார்த்து, நட்டை டார்க் ரென்ச் வைத்து முறுக்குங்கள். அது தளர்ந்தால் கீ வெட்டுப்பட்டுவிடும். காயிலைக் கழற்ற நேர்ந்தால், இருட்டறையில் டார்ச் அடித்து அதன் உடம்பைச் சுற்றிலும் பாருங்கள், கண்ணுக்குத் தெரியாவிட்டால் நகத்தால் தடவுங்கள்.


கோத்தகிரி_பட்டறை:

கண்டென்சர் மாற்றிப் போட்டேன், கோளாறு இடம் மாறவில்லை, கீழேயே இருக்கிறது. பாயிண்ட்டில் குழியும் இல்லை. பிறகு கீழ்க் காயிலைக் கழற்றினேன். மேல்பக்கம் பார்க்க ஒன்றுமே இல்லை, பளபளப்பாக இருக்கிறது. திருப்பினால், தகடுகளைத் தொட்டுக்கொண்டிருக்கும் உள்பக்கத்தில் தலைமுடி மாதிரி ஒரு விரிசல், ஒரு முனையிலிருந்து பிளக் ஒயர் நுழைகிற இடம்வரை. அதன் ஓரத்தில் மெல்லிய கரிக்கோடு. நகம் வைத்ததும் தட்டுப்பட்டது. அதற்கு நேர் எதிரே இரும்புத் தகட்டிலும் ஊசிமுனை அளவு கருகிய புள்ளி. 20 நிமிடத்துக்கு மேல் பொறி பிளக்குக்குப் போகாமல் இங்கேதான் பாய்ந்துகொண்டிருந்திருக்கிறது. இதே காயிலை நான் இரண்டு தடவை மீட்டர் வைத்து நல்லது என்று சொல்லியிருக்கிறேன் என்பதை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது, எஸ்டேட்டில் இரண்டு வாரம் வீணாயிற்று.

மேல் காயிலும் அதே வயசு என்பதால் இரண்டையும் சேர்த்து ஆர்டர் போட எஸ்டேட்டில் சம்மதித்துவிட்டார்கள். வெளிநாட்டிலிருந்து வரவேண்டும், மூன்று வாரம் ஆகும் என்கிறார்கள். வந்ததும் எழுதுகிறேன்.


தூத்துக்குடி_வள்ளம்:

புதுக் காயில் மாட்டும்போது தகட்டின் நுனி, தட்டில் அதற்கென்று கடைந்துவிட்ட மேட்டின் விளிம்போடு சமமாக நிற்கவேண்டும். வெளியே நீண்டால் ஃப்ளைவீல் காந்தத்தில் உரசும், உள்ளே தள்ளினால் பொறி பலம் குறையும். விரலால் தடவிப் பார்த்தாலே தெரியும். பிளக் ஒயர் உள்ளே கூர் ஊசியில் குத்தி உட்காரும், நேராகத் திருகி இறக்குங்கள், சிலிகான் கிரீஸ் கொஞ்சம் வைத்தால் உங்கள் ஊர் ஈரம் உள்ளே போகாது. அந்த ஒயரும் பழையது என்றால் அதையும் புதுசாக வெட்டிப் போட்டுவிடுங்கள், செம்புக் கம்பி உள்ளதாக.

இரண்டு பாயிண்ட்டும் ஒரே இடைவெளியில், 0.5, நிற்கவேண்டும். ஒன்று 0.4, ஒன்று 0.6 என்று வைத்தால் ஒரு சிலிண்டர் முந்தியும் ஒன்று பிந்தியும் கொளுத்தும், ஐடிலில் தெரியாது, லோடில் உதறும்.


கோத்தகிரி_பட்டறை:

26 நாள் கழித்து எழுதுகிறேன். காயில் வந்தது, மாட்டினேன். ஆறிய எஞ்சினில் இரண்டு பக்கமும் ஏழரை மில்லியை விடாமல் தாண்டுகிறது, 9 வரை போய்ப் பார்த்தேன், அதையும் தாண்டியது. நேற்று காலை நல்ல மூட்டம், பத்தடிக்கு அப்பால் கரையே தெரியவில்லை, மூட்டம் விலகும்வரை காத்திருந்து, ஈரம் சொட்டச் சொட்டவே ஸ்டார்ட் செய்தோம். ஒரு மணி பத்து நிமிடம் நிற்காமல் ஆகாயத்தாமரையை இழுத்தது. நடுவில் நிறுத்தி, சூட்டோடு சூடாக டெஸ்டர் வைத்தேன், கீழேயும் நீலம்தான். மதகு வாய் பாதிக்கு மேல் தெரிகிறது, இன்னும் மூன்று நாள் வேலை இருக்கும்.

கொடைக்கானல் அண்ணா சொன்ன கரி விஷயமும் உண்மைதான். மெதுவாக ஓட்டிக்கொண்டே இருந்தால் பிளக் கருப்பாக வருகிறது. மெதுவாக ஓடும்போது பெட்ரோலை அளக்கும் ஸ்லோ ஊசியை எட்டில் ஒரு சுற்று உள்ளே வைத்தேன், ஐடில் சுத்தமாயிற்று. முழு லோடில் ஓட்டி நிறுத்திப் பார்த்தபோது பிளக் காபிப்பொடி நிறம், அதனால் 7 நம்பரையே விட்டுவிட்டேன். தெர்மோஸ்டாட் இன்னும் பார்க்கவில்லை, மழை முடிந்தபிறகு திறக்கலாம் என்று இருக்கிறேன்.


தூத்துக்குடி_வள்ளம்:

சந்தோசம் தம்பி. டெஸ்டர் வைப்பதற்காக ஸ்டாப் ஒயர் எதையாவது கழற்றிவிட்டிருந்தால் திரும்ப மாட்டினீர்களா? ஆகாயத்தாமரை மோட்டாரின் காற்றாடியில் சுற்றும்போது கை வைக்கிற ஆட்கள் படகில் இருக்கிறார்கள்.


கோத்தகிரி_பட்டறை:

கழற்றியிருந்தேன் அண்ணாச்சி, மாட்டிவிட்டேன். பட்டனை அழுத்தி நிற்கிறதா என்று கரையிலேயே மூன்று தடவை பார்த்துவிட்டுத்தான் படகை உள்ளே விட்டோம். நின்றபிறகும் கியரை நியூட்ரலில் போட்டு, பிளக் கேப் இரண்டையும் உருவிவிட்டுத்தான் காற்றாடியில் கை வைக்கவேண்டும் என்று பையனிடம் சொல்லியிருக்கிறேன். பழைய காயிலைத் தூக்கிப் போடாமல் ஜன்னலில் வைத்திருக்கிறேன், பட்டறைக்கு வேலை கற்றுக்கொள்ள வரும் பையன்களுக்கு அந்த விரிசலை நகத்தால் தடவிப் பார்க்கக் கொடுக்கலாம் என்று.